தாய்வழிக் குடியும் தந்தைவழிப் பத்திரமும்

இலங்கையில் பல பத்தாண்டுகளாக வழங்கிவந்த பிறப்புப் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன், தாய், இருவரும் மணமானவர்களா என்ற விவரங்களோடு, பலரும் வாசிக்காமலே கடந்துபோகும் இரண்டு கட்டங்கள் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்ன என்று ஒரு கட்டம் கேட்கிறது. தகப்பன் இலங்கையில் பிறவாமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விவரம் என்ன என்று மற்றது கேட்கிறது. இந்த இரண்டாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான் கீறப்பட்டிருக்கும். பாட்டன் என்றால் சட்டத்தின் கணக்கில் தகப்பனின் தகப்பன். பூட்டன் அவருக்கும் தகப்பன். தாயின் தாய் யார், எந்த ஊர் என்று கேட்பதற்குக் கட்டம் கிடையாது. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ லண்டனிலோ பிரசாவுரிமை கேட்டு நிற்கும் மட்டக்களப்பார் ஒருவர் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கையளிக்கும் கடதாசிக் கட்டில் இந்தப் பத்திரம்தான் அநேகமாக முதலில் இருக்கும். அவர் படும் அலைச்சலுக்கு அந்தந்த நாட்டு அலுவலகங்களின் மெத்தனமும் காரணம்தான். அதைவிடப் பழைய காரணம் ஒன்று இந்தக் கட்டங்களுக்குள் கிடக்கிறது. ஒருவர் இன்னார் என்பதைத் தாயை வைத்தும் சாட்சிகளை வைத்தும் நிறுவிவந்த நாடு மட்டக்களப்பு. அதையே தகப்பனை வைத்தும் கடதாசியை வைத்தும் நிறுவச் சொன்னது அரசு. இரண்டும் முட்டிக்கொள்ளாமலே வெகுகாலம் ஓடியது. கடைசியில் முட்டிக்கொண்டது அந்நிய நாட்டுக் கவுண்டர் ஒன்றின் முன்னால்.

பாட்டன், பூட்டன் கட்டங்களின் வேர் 1948 இல். அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அது. குறி மலையகத் தோட்டத் தொழிலாளர்தான் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. சட்டத்தின் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். 1948 இல் இருபது வயதான ஒருவரின் தகப்பன் 1900 அளவிலும், பாட்டன் 1870 அளவிலும், பூட்டன் 1840 அளவிலும் பிறந்திருப்பார்கள். இலங்கையில் சிவில் பிறப்புப் பதிவே 1867 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடுதான் தொடங்கியது. பதிவேடு பிறப்பதற்கு முன் பிறந்த ஒருவரின் பிறப்பைப் பதிவேட்டால் நிறுவு என்பதுதான் கட்டளை. 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வேறொரு வாசலைத் திறந்ததுபோல் காட்டியது. 1951 ஆகஸ்ட் 5 முடிவுத் திகதிக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுக்குள் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். பத்தாண்டுக்கு மேல் நடந்த விசாரணையில் தேறியவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். இடையறாத வதிவை நிறுவ வேண்டியிருந்தபடியால், இந்தியாவில் உள்ள ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவர்களின் கணக்கு அறுந்தது. பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் தமிழரின் அலைச்சல் கனடாவில் தொடங்கியதல்ல. அதன் முதற் பெரும் அத்தியாயம் ஹற்றனிலும் பதுளையிலும் எழுதப்பட்டது.

மட்டக்களப்பில் அந்த அத்தியாயம் வாசிக்கப்படவே இல்லை. நகருக்கு வடக்கே, வாழைச்சேனையையும் மாங்கேணியையும் தாண்டி, திருகோணமலை வீதி களப்பைப் பாலத்தால் கடக்கும் இடத்தில் இருக்கிறது பனிச்சங்கேணி. பெயரைப் பிரித்தால் பனிச்சை மரமும் கேணியும். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவிட்டால் நூல் கறுத்து இறுகும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் உக்காது. நைலோன் வலை வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது, பெயர் மட்டும் நிற்கிறது. வாகரைக் கரையின் இந்த ஊர்களில் தமிழ் பேசும் கரையோர வேடர்களும் வாழ்கிறார்கள். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே இவர்களைப் பற்றிய விவரணம் உண்டு. தீவின் ஆதிக்குடிகள் என்று எல்லாருமே ஒப்புக்கொள்ளும் மக்கள். இவர்களில் ஒருவரை 1948 இல் கூப்பிட்டு, உன் பூட்டன் பிறந்த ஆண்டையும் இடத்தையும் காட்டு என்று கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பார்? ஒன்றுமில்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை. வம்சாவழிப் பிரசாவுரிமை அவர்களுக்குக் கிடைத்தது ஆதாரம் இருந்ததால் அல்ல, அதிகாரி சந்தேகப்படாததால். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். சந்தேகம்தான் ஆளுக்கு ஆள் வேறு. அரசின் ஏடு இவர்களை வேறு விதமாகக் கைவிட்டது. 1946 குடிசன மதிப்பில் தீவு முழுவதும் 2,361 வேடர். 1953 இல் 803. ஏழு ஆண்டில் இத்தனை பேர் செத்துப்போகவில்லை. எழுதுபவர் வேறு கட்டத்தில் எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

கடதாசி இல்லாத காலத்தில் மட்டக்களப்பார் ஒருவரை இன்னார் என்று எப்படி அறிந்தார்கள்? குடியைக் கேட்டு. குடி இங்கே தாய்வழிக் கிளை. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. தகப்பன் வேறு குடி, வேறு குடியாகத்தான் இருக்கவும் வேண்டும், ஏனெனில் ஒரே குடிக்குள் மணம் இல்லை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று பெயர்கள் நீளும். குடியை இன்னும் நெருங்கிப் பிரித்துச் சொல்ல வயிற்றுவார் என்றொரு சொல்லும் உண்டு. இந்த வயிற்றில் இருந்து வந்த வழி என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது. மணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போனான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக இறங்கின. கொக்கட்டிச்சோலை போன்ற கோயில்களில் திருவிழா உரிமையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியும் குடிகளுக்கிடையே பங்கிடப்பட்டன. இப்பகுதி முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசல் மரைக்கார் பொறுப்பு குடிவாரியாகவே வந்தது. இதன் முழுக்கோலத்தைப் பெருங்கோயில்களும் போடிமார் என்ற நிலக்காரரின் வயல்களும் உள்ள தெற்கு ஊர்களில்தான் காணலாம். காட்டையும் களப்பையும் நம்பிய வாகரைக் கரைக்கு அதை அப்படியே ஏற்றிச் சொல்வது மிகையாகும். ஆனாலும் ஆளை அறியும் முறை ஒன்றுதான்: யாருடைய மகள், எந்த வீடு, யார் சாட்சி. இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. கோயிலில் தன் குடிக்கு இல்லாத மரியாதையை ஒருவன் கேட்டால் ஊர் முழுவதும் எதிரே நிற்கும். பொய்க்குடி சொல்லிப் பெண் எடுத்தால் அது முறைகெட்ட மணம். சரிபார்ப்பு அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே இருந்தது. அலுவலகம் ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை.

இந்த முறைக்கு ஒரு காலத்தில் சட்ட அந்தஸ்தும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மட்டக்களப்பில் வழங்கிய முக்குவச் சட்டத்தின்படி முதுசச் சொத்து தாய்வழியாக, மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கியது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்த விதிகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது 1876 இல். அதே 1876 இல்தான் 15 ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டோர், முஸ்லிம்கள், தேசவழமை என்ற தங்கள் வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோரை அது விலக்கி வைத்தது. மட்டக்களப்பாரை விலக்கவில்லை. ஆக, யாழ்ப்பாணத்தார் தேசவழமையோடு இருபதாம் நூற்றாண்டுக்குள் நுழைந்தார்கள். மட்டக்களப்பார் தங்கள் வழமையை வாசலில் விட்டுவிட்டு நுழைந்தார்கள். புத்தகமாக அச்சேறிய ஆண்டிலேயே சட்டம் செத்தது ஒரு வினோதம். வழக்கம் சாகவில்லை. சீதனமும் குடிக்கணக்கும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தன. நீதிமன்றத்துக்கும் பதிவாளருக்கும் மட்டும் அவை தெரியாமல் போயின. எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிரசாவுரிமைச் சட்டம் வந்து உன் தகப்பன் யார், தகப்பனின் தகப்பன் யார் என்று கேட்டபோது, தாயின் பெயரால் பேசக்கூடிய ஏடு ஒன்றுகூட அரசின் அலுமாரியில் இருக்கவில்லை.

இருந்த ஏடுகளும் நிலைக்கவில்லை. 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டப்படி பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவுக்கான தனி நடைமுறை, பிரகடனம், சான்றுகள். பதிவாளரிடம் போய்வர ஒரு நாள் தொழில் கெடும் ஊர்களில் பல பிறப்புகள் அந்த 42 நாளைத் தாண்டியே போயின. பிறகு போர். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறியபோது வாகரைக் கரை முழுவதும் அடிபட்டது. அலுமாரியும் றங்குப் பெட்டியும் போன வழியில் உறுதியும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் போயின. 2006 இல் மறுபடியும் சண்டை. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குள் வருவதற்குள் ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியாலும் களப்பாலும் தெற்கே வந்து முகாம்களில் தங்கினார்கள். இப்படியான ஊரில் பிறந்த ஒருவருக்குப் பத்திரம் மீளக் கிடைப்பது கிராம சேவகரின் உறுதிப்படுத்தலாலும், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியாலும், உத்தேச வயதுச் சான்றிதழாலும், நடமாடும் சேவைகளாலும்தான். உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற பெயரையே பாருங்கள். அரசே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும் உத்தேசம். அதாவது ஏடு தோற்ற இடத்தில் அரசும் பழைய வழிக்கே திரும்பியது: அயலாரைக் கூப்பிட்டு, இவர் யாருடைய பிள்ளை என்று கேட்டது.

வெளிநாட்டு அலுவலரின் மேசையில் இந்தப் பத்திரம் வேறு விதமாகத் தோன்றும். 1971 இல் பிறந்தவருக்கு 2008 இல் வழங்கப்பட்ட பிறப்புப் பத்திரம். முதற் சந்தேகம் அங்கே விழும். அடுத்தது பெயர். படிவத்தில் ஒரு கட்டம் குடும்பப் பெயருக்கு, ஒரு கட்டம் சொந்தப் பெயருக்கு. தமிழருக்குத் தகப்பன் பெயர் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. மகனின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பனின் பெயர் ஏறும். தகப்பனின் கட்டத்தில் பாட்டனின் பெயர். மனைவி மணத்துக்கு முன் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அவள் கட்டத்தில் அவளுடைய தகப்பனின் பெயர். ஒரே வீட்டில் நாலு பேர், மூன்று குடும்பப் பெயர். இவர்கள் ஒரே குடும்பம் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கடிதம் வரும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தந்தைவழியைக் கேட்ட கடதாசிக்குத் தந்தையின் பெயரையே நேராகக் கொடுத்தோம். அதற்கும் திருப்தி இல்லை, ஏனெனில் அது தேடியது தலைமுறை தாண்டியும் மாறாத ஒரு பெயரை. அப்படியொரு பெயர் மட்டக்களப்பில் இருந்தது. தாயையும் பிள்ளைகளையும் தாயின் சகோதரிகளின் பிள்ளைகளையும் ஒரே சொல்லால் கட்டி, தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்த குடிப்பெயர் அது. எந்தப் பதிவாளரும் அதை எழுதவில்லை. எழுதக் கட்டம் இருக்கவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. எல்லாம் ஒரே கனமானவை அல்ல. நம்முடைய ஆட்களுக்குக் கடதாசி பேணத் தெரியாது, அதுதான் பிரச்சினை என்று படித்தவர்களே சொல்வார்கள். கடலும் ஷெல்லும் கொண்டுபோனதைப் பேணாமை என்று சொல்வது அநியாயம். அதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. தந்தைவழிக் கணக்கு இலங்கையின் கண்டுபிடிப்பா, உலகமே அப்படித்தானே இருந்தது என்பது அடுத்தது. உண்மைதான். பிரித்தானியப் பெண் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்கும் உரிமை 1983 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் 1977 இல். இந்தியாவில் 1992 இல். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் வரும்வரை மணத்துக்குள் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியாகப் பிரசாவுரிமை இறங்கவில்லை. ஆனால் இந்த ஒப்பீடு என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. மற்ற நாடுகள் தாயைச் சட்டத்துக்குள் கொண்டுவர இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை காத்திருந்தபோது, தாயை வைத்து உரிமையைக் கணக்கிடும் நடைமுறை ஒன்று இலங்கைக்கு உள்ளேயே உயிரோடு இருந்தது. அதைக் கேட்டுப் பார்க்கச் சட்டம் வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

கனமான மறுப்பு இன்னொன்று. குடி என்ன சமத்துவத்தின் கோட்டையா? இல்லை. போடியாரும் வண்ணக்கரும் ஆண்களே. சிறைக்குடிகள் என்று ஊழியத்துக்குக் கட்டுண்ட மக்களும் அதே அமைப்புக்குள்தான் இருந்தார்கள்; அவர்களுக்குக் கோயிலில் பங்கு இல்லை, வேலை மட்டும் உண்டு. குடிப்பெயரைக் கடவுச்சீட்டில் எழுதியிருந்தால் சாதியையும் சேர்த்து எழுதியிருப்போம். எனவே குடியைப் படிவத்தில் ஏற்றச் சொல்வது என் நோக்கமல்ல. ஊரார் சாட்சியும் எப்போதும் நியாயமாக இராது. இதற்குச் சுவிற்சர்லாந்தே உதாரணம். அங்கே பிரசாவுரிமை கிராமம், மாநிலம், கூட்டாட்சி என்ற மூன்று படிகளில் ஏற வேண்டும். சில ஊர்களில் ஊர்மக்களே வாக்குப்போட்டுத் தீர்மானித்தார்கள். லுசேர்ன் மாநிலத்து எம்மென் என்ற ஊரில் 2000 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் இத்தாலிய வம்சாவழியினர் மட்டும் தேற, முன்னாள் யூகோஸ்லாவியாவில் இருந்து வந்தவர்கள் தோற்கடிக்கப்பட்டார்கள். காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் இந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்று கூட்டாட்சி உயர்நீதிமன்றம் 2003 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஊரார் கையில் முடிவைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று வாதிடலாம். ஆனால் எம்மென் மக்களிடம் கேட்கப்பட்டது இவர் யார் என்ற கேள்வி அல்ல, இவரை உனக்குப் பிடிக்கிறதா என்ற கேள்வி. சாட்சி தான் அறிந்ததைச் சொல்கிறார்; சொன்னதைக் குறுக்குக் கேள்வி கேட்டுச் சோதிக்கலாம். விருப்பத்தை அப்படிச் சோதிக்க முடியாது.

மோசடி நடக்கிறதே என்பதுதான் அலுவலர்களின் கடைசி வாதம். நடக்கிறது. ஆனால் போலி செய்ய இலகுவானது எது? அச்சடித்த கடதாசியா, ஒரு ஊரின் பத்துக் கிழவிகளின் ஒருமித்த நினைவா? கடதாசிதான் இலகு, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், விலையும் இருக்கிறது. அகதிகள் சமவாயத்தை 1951 இல் எழுதியவர்கள் இதை ஒருவகையில் உணர்ந்திருந்தார்கள். சொந்த நாட்டிடம் பத்திரம் கேட்க முடியாதவருக்கு அடைக்கலம் கொடுத்த நாடே பதிலிப் பத்திரம் வழங்க ஆவன செய்ய வேண்டும், அது உத்தியோகப் பத்திரத்துக்கு ஈடாக நிற்க வேண்டும் என்கிறது 25 ஆவது உறுப்புரை. பிரசாவுரிமை பெறுவதை இயன்றளவு இலகுவாக்கி, நடைமுறையைத் துரிதப்படுத்தி, செலவைக் குறைக்க வேண்டும் என்கிறது 34 ஆவது. சத்தியக் கூற்றைப் பல நாடுகள் ஏற்கத்தான் செய்கின்றன. ஆனால் அது இரண்டாந்தர ஆதாரம், மூலப் பத்திரம் ஏன் இல்லை என்று முதலில் விளக்கிய பிறகுதான். வரிசை மாற வேண்டும் என்பதுதான் என் வாதம். பதிவேடே அழிந்த ஊரில் இருந்து வந்தவருக்குத் தாயின் வழியை அறிந்த சாட்சிகளின் கூற்று முதலாம் ஆதாரமாக வேண்டும்.

இன்னொரு நாட்டின் பிரசையானதும் இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போகிறது. 1987 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் அனுமதித்த இரட்டைப் பிரசாவுரிமையைக் கேட்கப் போனால் மறுபடியும் அதே பிறப்புப் பத்திரம்தான் கேட்கப்படும். சுவிற்சர்லாந்தில் பிரசையானவர்களின் கதைக்கு இன்னொரு திருப்பம் உண்டு. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊருக்கு இடமில்லை. அதில் அச்சாகியிருப்பது பூர்வீக ஊர்: குடும்பத்துக்கு எந்தக் கிராமத்தின் பிரசாவுரிமை உண்டோ அந்தக் கிராமம். சம்பந்தப்பட்டவர் அங்கே ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க வேண்டியதில்லை; அது வம்சாவழியாக இறங்கும். 2013 இல் இருந்து மணமான பெண் தன் பூர்வீக ஊரைக் கணவனுக்காக விடுவதில்லை; பிள்ளை தாயின் குடும்பப் பெயரைத் தாங்கினால் தாயின் பூர்வீக ஊரே பிள்ளைக்கும் வரும். பனிச்சங்கேணியில் பிறந்து பேர்ண் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் பிரசாவுரிமை பெற்ற ஒருத்தியின் கடவுச்சீட்டில் பூர்வீக ஊர் என்ற இடத்தில் அந்தக் கிராமத்தின் பெயர் இருக்கும். பனிச்சங்கேணி அதில் எந்தப் பக்கத்திலும் இராது.